பெண்கள் பெட்டியில் ஒரு சாவி

இதை ஒழுங்காகச் சொல்லிவிடுவேனா என்று எனக்கே பயமாக இருக்கிறது அம்மா. நான் ஏழாவதோடு நின்றவள். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றைச் சொல்லிவிடுவேன், கேட்கிறவர்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். முதலில் நீங்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எந்த ஊர்? திண்டிவனமா? அங்கே நெடுங்காவனூர்க்காரர்கள் யாரையும் தெரியாதே? தெரியாது. அப்படியானால் சொல்லலாம்.

கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஜன்னலோரம் விட்டுக் கொடுத்தீர்கள். நன்றாயிருப்பீர்கள். கண்டக்டர்கூடக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். கண் தெரியாதவள் என்றால் எல்லோருக்கும் ஒரு இரக்கம். நெடுங்காவனூர் பைபாஸ் வந்தால் எனக்குச் சொல்லிவிடுங்கள், அது போதும். என் பெயர் அஞ்சலாட்சி. ஊரில் அஞ்சலை என்பார்கள்.

எங்கள் ஊரில் ஓட்டு நடந்தது. கட்சி ஓட்டு இல்லை, அது முடிந்து தலைவரும் வந்தாயிற்று. இது ஊரைக் கேள்வி கேட்கிற ஓட்டு. கிராம சபைக் கூட்டத்தில் மூன்று விஷயத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். கை தூக்கினதில் சண்டை வந்து, நாற்காலி பறந்து, ஒருத்தருக்கு மண்டை உடைந்தது. அப்புறம் ஆபீசர்கள் வந்தார்கள். கையும் தூக்க வேண்டாம், காலும் தூக்க வேண்டாம், சீட்டில் குத்திப் பெட்டியில் போடுங்கள், யார் எதில் குத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று மைக்கில் சொன்னார்கள். யாருக்கும் தெரியாது என்று மூன்று தடவை சொன்னார்கள். நான் நம்பினேன். நம்பினது என் தப்பா?

மூன்று சீட்டு. வெள்ளைச் சீட்டு, ஊரை நகராட்சியோடு சேர்க்கலாமா வேண்டாமா. ரோஸ் சீட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் செல்போன் டவர் வைக்கலாமா. மஞ்சள் சீட்டு, ஏரிக்கரையில் இருக்கிற ஒயின்ஷாப்பை ஊரைவிட்டு எடுக்கலாமா. வெள்ளையில் எனக்குக் குழப்பம் இல்லை. நகராட்சி ஆகிவிட்டால் நூறு நாள் வேலை போய்விடும், அதனால் வேண்டாம். ரோஸிலும் குழப்பம் இல்லை. பண்ருட்டியிலிருந்து என் மகள் போன் பண்ணினால் எருக்குழி மேட்டில் ஏறி நின்றால்தான் காதில் விழும், அதனால் டவர் வேண்டும். மஞ்சள்தான் அம்மா. மஞ்சளில்தான் எல்லாம்.

படிக்கத் தெரியாதவர்களுக்காக மஞ்சள் சீட்டில் இரண்டு படம் போட்டிருந்தார்கள். ஒரு பூட்டு, ஒரு சாவி. பூட்டில் குத்தினால் கடையை எடு. சாவியில் குத்தினால் கடை இருக்கட்டும்.

எங்கள் மகளிர் குழுத் தலைவி ஜெயக்கொடி. நல்லவள்தான். யாரையும் சும்மா இருக்கவிடாத நல்லவள். மூன்று நாள் எங்களை உட்கார வைத்துப் பழக்கினாள். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, நீல மையில் தொட்டு, மாதிரிச் சீட்டில் குத்தவிட்டாள். "எங்க குத்தணும்? பூட்டுல. உன் புருஷன் மூஞ்சை நெனச்சுக்கிட்டுக் குத்து!" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு சீட்டுகூடச் செல்லாததாகப் போகக் கூடாது என்று கிழவிகளுக்குக்கூடக் கை பிடித்துப் பழக்கினாள். ஆம்பிளைக்கு ஒரு பெட்டி, பொம்பளைக்கு ஒரு பெட்டி என்று ஆபீசரிடம் நின்று வாங்கினதும் அவள்தான். "பொம்பளைங்க பலம் என்னன்னு இந்த ஊரு எண்ணிப் பாக்கட்டும்" என்றாள்.

ஓட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் சத்தியம். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தால் அது சத்தியம், உங்கள் பக்கமும் அப்படித்தானே? இருநூறு பேரும் அடிக்க முடியுமா? ஜெயக்கொடி அடித்தாள். அவள் தோளில் ஒருத்தி கை வைத்தாள், அவள் தோளில் இன்னொருத்தி, இப்படியே கோயில் வாசல்வரைக்கும் சங்கிலி. நான் பச்சையம்மாள் தோளில் கை வைத்திருந்தேன். சூடத்துக்கும் எனக்கும் நடுவில் முப்பது நாற்பது பேர். என் கை சூடத்தில் படவே இல்லை. பச்சையம்மாள் தோளில்தான் இருந்தது. இதை நான் பலதடவை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

பச்சையம்மாள் என் பக்கத்து வீடு. ஒயின்ஷாப் வாசலில் அவித்த முட்டையும் சுண்டலும் விற்பாள். அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு இடது கால் இழுக்கும். லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்தது. சாயந்தரம் ஐந்து மணிக்கு ஏரிக்கரைக்குப் போவார், ஏழு மணிக்கு வருவார். திட்டிக்கொண்டுதான் வருவார். இருந்தாலும் எங்கள் வாசலில் நின்றால் ஏரிக்கரை முழுக்கத் தெரியும். அவர் வருவது தெரியும், உட்கார்ந்துவிட்டால் தெரியும், விழுந்தால் போய்த் தூக்கலாம். கடையை எடுத்தால் எங்கே வைப்பார்கள் என்று ஊருக்கே தெரியும். நாலு வழிச் சாலைக்கு அந்தப் பக்கம், அடுத்த பஞ்சாயத்து எல்லையில். அந்த ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இதோ இப்போது போகிறோமே, இதுதான். போன வருஷம் மட்டும் அந்த இடத்தில் இரண்டு பேர். இரண்டு பேரும் கால் நன்றாக இருந்தவர்கள். இவர் குடித்துவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு எப்படித் தாண்டுவார்?

ஜெயக்கொடியிடம் கேட்டேனே. "அந்தப் பக்கம் போய்ட்டா அவங்க ரோட்டைத் தாண்டணுமே?" என்றேன். "தாண்டிப் போய்க் குடிக்கிறவன் சாவட்டும்" என்றாள். அவள் புருஷன் குடிக்க மாட்டான். அவளுக்குச் சொல்வது சுலபம்.

ஓட்டுப் போடுகிற அன்று பச்சையம்மாளுக்குப் பின்னால் நான். அட்டை மறைப்புக்குள் போனேன். வெள்ளையில் குத்தினேன், ரோஸில் குத்தினேன். மஞ்சளை விரித்தால் பூட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை, சாவியும் தெரியவில்லை. ரோடுதான் தெரிந்தது அம்மா. இருநூறு பேர் பூட்டில் குத்துகிறார்கள், கடை எப்படியும் போகத்தான் போகிறது, என் ஒரு குத்து என்ன செய்துவிடும்? என் மனசுக்கு ஒரு ஆறுதல், நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆனால் நான் அனுப்பவில்லை என்று இருக்கலாம். மூட்டை நெல்லில் ஒரு பதர். அப்படித்தான் நினைத்தேன். சாவியில் குத்திவிட்டு வந்தேன்.

சாயந்தரம் பள்ளிக்கூட மைதானத்தில் எண்ணினார்கள். ஆபீசர் மைக்கில் படித்தார். "மஞ்சள் சீட்டு. ஆண்கள் பெட்டி. எடுக்கலாம் எண்பத்து நாலு, இருக்கட்டும் நூற்று ஐம்பத்தொன்று." ஆம்பிளைகள் விசில் அடித்தார்கள். "பெண்கள் பெட்டி. எடுக்கலாம் இருநூற்றுப் பதினொன்று." எங்கள் பக்கம் குலவை. அந்தக் குலவைக்கு நடுவில் அவர், "இருக்கட்டும், ஒன்று" என்றார்.

ஒன்று.

செல்லாதது ஒன்றுகூட இல்லை. வெண்டைக்காயில் பழக்கினவள் அப்படிப் பழக்கியிருந்தாள். மூட்டை நெல்லில் நான் ஒருத்திதான் பதர்.

ஜெயக்கொடி சந்தோஷப்பட வேண்டுமா இல்லையா? கடை போகிறது. ஜெயித்துவிட்டாள். பட்டாசு வெடிக்கிறார்கள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "யாருடி அந்த ஒண்ணு?" என்றாள்.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. குழாயடியில், "எக்கா, அந்த ஒண்ணு நீயா?" "நான் இல்லடி, உன் மாமியா." அந்த ஒருத்திக்கு ஒரு பேரும் வைத்தார்கள். சாவிக்காரி. ரேஷன் கடையில் யாராவது வரிசையில் முந்தினால், "ஏ சாவிக்காரி, பின்னால போ." பிள்ளைகள் அதை வைத்து விளையாட்டுகூட ஆடின. நானும் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் நம் மேல் பார்வை திரும்பும். "எவளோ ஒருத்தி, சோத்துல உப்புப் போட்டுத் தின்னாதவ" என்று நானே சொன்னேன். எல்லோரையும்விடக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? "பொம்பளையில ஒரு புண்ணியவதி இருக்காப் பாரு. யாருன்னு தெரிஞ்சா நடுத்தெருவுல நிக்க வச்சு மாலை போடுவேன்" என்று இவர் தினமும் சொல்கிறார். நான்தான் என்று சொல்ல முடியுமா? போதையில் நிஜமாகவே மாலை வாங்கிக்கொண்டு வந்து நிற்பார்.

பத்தே நாளில் கடையை எடுத்தார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை போட்டார்கள். இவர் தாண்டினாரா? ஒரு நாள்கூடத் தாண்டவில்லை. நாலு தெரு தள்ளி ஒருத்தன் வண்டியில் போய் ஊருக்கே வாங்கி வந்து வீட்டுக்கு வீடு கொடுக்கிறான். இவர் கட்டிலில் உட்கார்ந்தபடி குடிக்கிறார். திட்டுவதும் இப்போது வீட்டிலேயே. எதற்காகக் குத்தினேனோ அந்த ரோடு அது பாட்டுக்குக் கிடக்கிறது.

பச்சையம்மாள் விஷயத்துக்கு வருகிறேன். நூறு நாள் வேலையில் ஏரி தூர் வாரிக்கொண்டிருந்தோம். சாவிக்காரி யார் என்றுதான் அன்றைக்கும் பேச்சு. என் மகள் வயசில் இருக்கிற மேற்பார்வைப் பையன்கூடக் கேட்கிறான். ஜெயக்கொடி என்னைப் பார்த்து, "நீ என்ன பேச்சையே காணோம்?" என்றாள். என்னைத்தான் பார்த்தாள். "கடை போனா யாருக்கு நஷ்டமோ அவதான் குத்தியிருப்பா" என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். பேர் சொன்னேனா? பேர் சொல்லவே இல்லை. அவர்களாகத்தான் பச்சையம்மாளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மண் சட்டி கை மாற்றி அனுப்புவோம் அல்லவா, வரிசையாக நின்று? அன்று மத்தியானத்திலிருந்து சட்டி பச்சையம்மாளைத் தாண்டிப் போக ஆரம்பித்தது. இந்தப் பக்கத்துக்காரி அந்தப் பக்கத்துக்காரிக்கு எட்டிக் கொடுத்தாள். பச்சையம்மாள் நடுவில் வெறும் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கையை எப்போது கீழே போட்டாள் என்று நான் கவனிக்கவில்லை. என் சட்டியைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

சாயந்தரம் வந்தாள். என் வீட்டுக்கு எப்போதும் போல அடுப்படி வரைக்கும் வருகிறவள், அன்று வாசலிலேயே நின்றாள்.

"அஞ்சல, நீ எனக்குப் பின்னாடிதானே நின்ன?"

"நின்னேன்."

"என் பொழப்பு மேலயே பூட்டைக் குத்திட்டு வந்தேன்டி. எங்க ஊட்டுக்காரர் எப்படிச் செத்தாருன்னு உனக்குத் தெரியும்ல? ஈரல் வெந்து செத்த மனுசன். அவரைக் கொன்ன கடை வாசல்ல முட்டை வித்துப் புள்ளைய வளத்தேன். நான் சாவியில குத்துவேனா? நீ நம்புறியா இல்லையா, அதைச் சொல்லு."

"நம்புறேன்" என்றேன். பொய் இல்லை அம்மா. ஊரிலேயே அவளை முழுசாக நம்பினவள் நான் ஒருத்திதான்.

"அப்ப அவங்ககிட்ட வந்து சொல்லு."

"நான் சொன்னா கேப்பாங்களா? நேரம் பாத்துச் சொல்றேன்" என்றேன். நேரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதற்குள் ஜெயக்கொடி, வெள்ளிக்கிழமை எல்லோரும் கோயிலுக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். "இந்தத் தடவை சங்கிலி கிங்கிலி எல்லாம் கெடையாது. ஒவ்வொருத்தியா வந்து, பூட்டுலதான் குத்தினேன்னு சொல்லித் தன் கையால அடிக்கணும்."

மாரியம்மாவிடம் விளையாட முடியுமா? வியாழக்கிழமை ராத்திரியே வீட்டுக்குத் தூரம் என்று சொல்லி மாட்டுக் கொட்டகையில் பாயைப் போட்டுவிட்டேன். கோயிலுக்கு எப்படிப் போவது? ஜெயக்கொடி தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏன்க்கா, உனக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு நீதானே சொன்ன?"

"திரும்ப வந்துடுச்சு."

"அப்படி வந்தா நல்லதில்லக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்." அவள் மூஞ்சியில் நிஜமாகவே கவலை. நல்லவள் என்று சொன்னேனே. "சரி, நீயும் இன்னும் ரெண்டு பேரும் பாக்கி. அடுத்த வெள்ளி அடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று கோயிலில் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன். எல்லோரும் பட்டும் படாமல் அடித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். பச்சையம்மாள் சந்தேகமே இருக்கக் கூடாது என்று உள்ளங்கையைச் சூடத்தின் மேல் வைத்து அப்படியே அழுத்திக்கொண்டு நின்றாளாம். கை கொப்புளித்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு, நிஜம் சொன்னவள் கையைச் சூடம் சுடாது என்று. "பாரு, அவ கையை மட்டும் சுட்டுடுச்சு" என்றார்கள். முடிந்தது.

அவள் கை சுட்டதற்கு அப்புறமும், எனக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பாக்கி இருந்தது. நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்ய? பொய்ச் சத்தியம் பண்ணி என் மகளுக்கு ஏதாவது ஆனால்? நிஜத்தைச் சொல்லி ஊரில் இருக்க முடியுமா? புதன்கிழமை பச்சையம்மாள் வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் கையால் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து உரித்துக் கொடுத்தேன்.

"இனிமே நீ தலைகீழா நின்னாலும் நம்ப மாட்டாங்கடி. கை வேற சுட்டுடுச்சு. பேசாம, கை தவறிப் பட்டுடுச்சு, மன்னிச்சுக்கங்கன்னு சொல்லிடேன். தெரியாம குத்தினதுக்கு என்ன பண்ணிடுவாங்க? உன்னோட பேசவாவது செய்வாங்க" என்றேன்.

அவள் கையிலிருந்த முட்டையை உரித்து முடித்தாள். அப்புறம், "நீ பூட்டுலதானே குத்தின?" என்றாள்.

"பின்ன?"

என் கையைப் பார்த்தாள். மூஞ்சியைப் பார்க்கவில்லை. "சரி" என்றாள்.

மறுநாள் ஏரி வேலையில் எல்லோர் முன்னாலும், "சரி, நான்தான்னு வச்சுக்குங்க" என்றாள். வச்சுக்குங்க என்றுதான் சொன்னாள். அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இருபத்தொரு குடம் தண்ணீர் சேந்தி ஊற்றிக் கோயில் வாசலைக் கழுவச் சொன்னார்கள். அந்தக் கையோடு கழுவினாள். நான் இரண்டு குடம் தூக்கிக் கொடுத்தேன். ஜெயக்கொடியே மஞ்சள் அரைத்து அவள் உள்ளங்கையில் பூசிவிட்டாள். வெள்ளிக்கிழமைச் சத்தியம் இல்லை என்று ஆகிவிட்டது. இப்போது மண் சட்டி அவள் கைக்கும் போகிறது. நல்லதுதானே அம்மா? யாருக்குக் கெடுதல்?

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வெள்ளைச் சீட்டு எண்ணிக்கையில் ஏதோ இடிக்கிறது, குத்தின ஆளைவிடச் சீட்டு எட்டு அதிகம் இருக்கிறது, அதற்கு மட்டும் திரும்ப ஓட்டு என்று ஆபீசர்கள் வந்துவிட்டார்கள். ஜெயக்கொடி திரும்பவும் வெண்டைக்காய் வெட்டினாள். "நகராட்சி வேண்டாம். நூறு நாள் வேலைதான் நமக்குச் சோறு. எல்லாரும் வேண்டாம்ல குத்துங்க" என்று வீடு வீடாக வந்து சொன்னாள்.

நம்பர் வரிசைப்படிதான் நிற்க வேண்டும். அதே வரிசை. எனக்கு முன்னால் பச்சையம்மாள். சீட்டு வாங்கப் போகிறபோது திரும்பினாள். கோபமே இல்லை அவள் மூஞ்சியில். சோறு தின்றாயா என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"அஞ்சல, இந்தத் தடவையாச்சும் பாத்துக் குத்து."

என் பின்னால் நின்றவளுக்குக் கேட்டதோ கேட்கவில்லையோ. மறைப்புக்குள் தனியாகப் போய் வந்தால் அப்புறம் எந்த ஒன்று வந்தாலும் என் தலையில்தான். எனக்கு ஓட்டே வேண்டாம், யாராவது பக்கத்தில் நின்று பார்த்தால் போதும் என்று இருந்தது. நடக்கும்போது மேஜையில் இடித்துக்கொண்டேன். வேண்டுமென்றுதான். "ஜெயக்கொடி! எனக்குக் கண்ணு மறைக்குதுடி, ஒண்ணும் தெரியல. நீ வந்து குத்துடி" என்று கத்தினேன்.

கண் தெரியாதவர்களுக்குத் துணை வரலாமாம். ஆபீசரே சொன்னார். நோட்டில் எழுதிக்கொண்டு அவளை உள்ளே விட்டார்.

அம்மா, கிட்டே வாருங்கள். எனக்குக் கண் நன்றாகத் தெரியும். உங்கள் முந்தானை ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்குகிறது, பச்சை நூல். சரிதானே? மறைப்புக்குள்ளும் தெரிந்தது. ஊரெல்லாம் வேண்டாம், வேண்டாம் என்று சொன்ன ஜெயக்கொடி, என் சீட்டில் 'சேர்க்கலாம்' பக்கம் குத்தினாள். அவள் மச்சினனுக்கு பைபாஸ் ஓரம் நிலம் இருக்கிறது, நகராட்சி ஆனால் மனை போடுவான் என்று அப்புறம் ஞாபகம் வந்தது. குத்திவிட்டு, "வேண்டாம்ல குத்திட்டேன்க்கா" என்றாள். நான் என்ன சொல்ல? கண் தெரியாதவள். "நல்லாருப்படி" என்றேன்.

ஒன்பது ஓட்டில் சேர்க்கலாம் ஜெயித்துவிட்டது. இந்தத் தடவை யார் அந்த ஒன்பது என்று ஜெயக்கொடி கேட்கவே இல்லை.

அவள்தான் என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாள். போகாவிட்டால் கேட்பாள். டாக்டர் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, வெள்ளெழுத்துதான், வேறு ஒன்றும் இல்லை என்றார். இந்தக் கறுப்புக் கண்ணாடி நடைபாதையில் வாங்கினது. ஊருக்குள் சுவரைத் தடவித்தான் நடக்கிறேன். பழகிவிட்டது. அரிசியில் கல் தெரிகிறது, பொறுக்குவதில்லை. இவர் கட்டிலிலிருந்து விழுந்தாலும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து போகிறேன். அடுத்த ஓட்டு வந்தாலும் எனக்கு யாராவது குத்திவிடுவார்கள். என் கை எதிலும் படாது. இனிமேல் ஒன்று என்றால் அது நான் இல்லை.

அதோ தகரக் கொட்டகை தெரிகிறது, ஸ்டாப் வந்துவிட்டது. நீங்கள் சொல்லுங்கள் அம்மா, "நெடுங்காவனூர் வந்துடுச்சு" என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், கண்டக்டருக்குக் கேட்கட்டும். பச்சையம்மாள் முட்டைக் கூடையோடு நிற்கிறாள். இப்போதெல்லாம் பஸ்காரர்களுக்குத்தான் விற்கிறாள். நான் வந்து இறங்கினால் அவள்தான் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்து வீட்டில் விடுவாள், ஒன்றும் பேச மாட்டாள். அந்த உள்ளங்கை இன்னும் ஆறவில்லை, சொரசொரவென்று இருக்கிறது. நான் இறுக்கிப் பிடிப்பதில்லை.